பம்பை அறுத்து வையுங்கள்

கோவையில் தொழில் கண்காட்சிகளுக்கு ஸ்டால் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அவிநாசி சாலை கொடிசியா வளாகத்துக்கு, கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின ராத்திரி வந்து பாருங்கள். ஒரு பக்கம் பிளைவுட் அறுக்கும் சத்தம், இன்னொரு பக்கம் காயாத பெயின்ட் வாடை, நடுவில் கார்பெட் விரிக்கும் பையன்களின் கூச்சல். இதில் எனக்குக் கையில் நாலு காசு நிற்பது எல்.இ.டி. சுவரிலும் வளைவு நெளிவான மரவேலையிலும்தான். இருந்தாலும் சொல்கிறேன்: சிறுதொழில் நடத்துகிறவர்கள் அதில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

சின்ன ஸ்டால் என்றால் மூன்றுக்கு மூன்று மீட்டர். மூன்று பக்கம் வெள்ளைத் தட்டி, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒன்றிரண்டு ஸ்பாட் லைட், ஒரு பிளக் பாயின்ட். இந்த 9 சதுர மீட்டருக்குள் நுழைந்ததும் முதலாளி செய்யும் முதல் காரியம், மேஜையை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு ரேஷன் கடைக்காரர் மாதிரி பின்னால் உட்கார்ந்துகொள்வது. பின்சுவரில் தொழிற்சாலையின் ட்ரோன் படம், நிறுவனரான அப்பா படம், ஐ.எஸ்.ஓ. சான்றிதழ். விற்க வந்த பம்ப்? அது மூலையில், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல்.

போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் பம்ப் வெளியிலிருந்து பார்க்க வெறும் ஸ்டீல் குழாய். பத்து கம்பெனி பம்பை வரிசையாக நிறுத்தி ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் செய்தவர்களே திணறுவார்கள். அதையே நீளவாக்கில் அறுத்து, வெட்டிய இடத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, நடைபாதை ஓரத்தில் நிறுத்துங்கள். இம்பெல்லர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதும், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் அழுத்தம் கூடித் தண்ணீர் மேலேறும் வழியும், மோட்டாருக்குள் இருக்கும் வயரும், அடியில் பாரம் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும் கண்ணுக்குத் தெரியும். தோட்டக்காரர் ஒருவர் குனிவார். விரலை உள்ளே விட்டு இம்பெல்லரைச் சுற்றிப் பார்ப்பார். "ஏனுங்க, வைண்டிங் பூராவும் காப்பர்தானுங்களா?" வியாபாரம் தொடங்கிவிட்டது. இதற்கு ஆகிற செலவு, தரச் சோதனையில் கழித்துப்போட்ட ஒரு பம்பும் அரை நாள் மெஷின் வேலையும்.

புதுசாக எதையும் நான் சொல்லிவிடவில்லை. 1854-இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் லிஃப்ட் மேடையில் ஏறி நின்று, கூட்டத்துக்கு முன்னால் அதைத் தூக்கியிருந்த கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சிறிது இறங்கி, பாதுகாப்பு அமைப்பில் மாட்டி நின்றது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் அன்று லிஃப்டுக்கு எதிரி. வாங்குகிறவனுக்கு எங்கே பயமோ, அங்கேயே செய்து காட்டினார்.

கவனத்தை இழுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்தரத்தில் தொங்கும் குழாயை வைக்கச் சொல்கிறார்கள். கொட்டும் தண்ணீருக்குள்ளேயே கண்ணாடிபோல ஒரு குழாய் ஒளிந்திருக்கும். அதுதான் தண்ணீரை மேலே ஏற்றுகிறது, பைப்பையும் தாங்குகிறது. குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். விலை கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

கிரைண்டர்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டி. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடே வாங்கியவர்கள் இல்லையா! ஊறவைத்த உளுந்தைக் கொண்டுவந்து அங்கேயே ஆட்டுகிறார்கள். ஓடுகிற கிரைண்டரின் சத்தம் எவ்வளவு, மாவு சூடேறுகிறதா என்று பெண்கள் நின்று கவனிப்பார்கள். ஒரு துளி மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்வி.

பம்பையும் இப்படி ஓட்டிக் காட்டலாம். தண்ணீர் தொட்டியும் த்ரீ பேஸ் கரண்டும் வேண்டும். கரண்டுக்குத் தனிக் கட்டணம், தண்ணீர் சிந்தினால் பக்கத்து ஸ்டால்காரருடன் சண்டை. கண்காட்சி நடத்துகிறவர்கள் ஹாலில் ஒரு மூலையை ஒதுக்கி, பொதுத் தொட்டி கட்டி, சிறுதொழில்காரர்களுக்கு முறைவைத்து விடலாம். ஸ்டால் வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர அரசுத் திட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட மூலைக்கும் அதில் இடம் கொடுத்தால் என்ன?

இன்னொன்று. அறுத்து வைத்த பம்புக்குப் பக்கத்தில் கோட் போட்ட வாடகைப் பெண்ணை நிறுத்தாதீர்கள். பாவம், பேரிங் எது புஷ் எது என்று அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அசெம்பிளியில் வேலை பார்க்கும் ஆளுக்கு மூன்று நாள் சம்பளத்தோடு பேட்டாவும் கொடுத்துக் கூட்டி வாருங்கள்.