‘சாய்வு வடிவம்’ என்னும் கலைச்சொல் பற்றி

‘ஆப்ளிக்’ என்னும் ஆங்கிலச் சொல் பலபொருள் உடையது. வடிவியலில் அது செங்குத்தாகவோ கிடையாகவோ அமையாத கோட்டைக் குறிக்கும். அச்சுக்கலையில் சாய்ந்த எழுத்தை. பேச்சில் நேரே கூறாது குறிப்பாற் கூறுதலை. இரும்புலியூர், தாம்பரம் வட்டாரத்தில் மனைப்பத்திரம் படிப்போர் புல எண்ணுக்கும் உட்பிரிவு எண்ணுக்கும் இடைப்பட்ட கோட்டையும் ‘ஆப்ளிக்’ என்றே வாசிப்பர். இவ்விடங்களில் ‘சாய்வு’, ‘மறைமுகம்’ என்னும் தமிழ்ச் சொற்கள் போதுமானவை. இலக்கணத்தில் அவை போதா என்பதே என் கருத்து.

கிரேக்க, இலத்தீன் இலக்கண மரபில் எழுவாய் வேற்றுமை நிமிர்ந்தது. ஏனைய வேற்றுமைகள் அதினின்று சாய்ந்தவை. ஆகவே அங்கு இச்சொல் வேற்றுமைகளின் தொகுதிப் பெயர். (நம் ‘எழுவாய்’ என்பதிலும் எழுதல் உண்டு, ஆயினும் அவ்வொப்புமையை வலிந்து நீட்ட வேண்டுவதில்லை.) திராவிட மொழியியலிலோ இது வேற்றுமையன்று, உருபு ஏற்குமுன் பெயர் கொள்ளும் அடிவடிவம். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இவ்வடிவத்தைத் தனியே ஆராய்ந்துள்ளார். இவ்விரண்டையும் ‘சாய்வு’ என ஒரே சொல்லால் பெயர்க்கும்போது, வேற்றுமை எது, அதனைத் தாங்கும் அடி எது என்னும் வேறுபாடு மாணவருக்கு மறைந்துவிடுகிறது.

மறைவது இதுமட்டுமன்று. தாம்பரம் என்பது ‘தாம்பரத்துக்கு’ என அத்துச்சாரியை பெறும். வேற்காடு ‘வேற்காட்டுக்கு’ என ஒற்று இரட்டும். நான் ‘என்’ எனத் திரியும். இரும்புலியூர் எம்மாற்றமும் இன்றி ‘இரும்புலியூருக்கு’ என நிற்கும். மொழியியலார் ஒரு பெயரால் அடக்கும் இவற்றை நன்னூல் பிரித்தே வைத்தது: சாரியை 17ஐயும் மூவிடப்பெயர்த் திரிபையும் உருபு புணரியலில் கூறி, ஒற்று இரட்டலை உயிரீற்றுப் புணரியலில் வைத்தது. ஒருமைப்படுத்தல் பயனற்றது என்று கூறவில்லை; அதன் பயன் பெரிது. ஆயின் அப்பெயரைக் கேட்ட மாணவர் சாரியை என்னும் சொல்லையே மறந்துவிடும் நிலை வரலாகாது.

‘தாம்பரத்து மக்கள்’ என்னும் தொடரில் சிக்கல் கூர்மையடைகிறது. உருபு தொகச் சாரியை நின்றது என்பது மரபு விளக்கம். அடிவடிவமே உடைமைப் பொருளைத் தருகிறது என்பது மொழியியல் விளக்கம். இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் பொருள் மறைந்த உருபினுடையது, பின்னதில் வடிவத்தினுடையது. ‘வேற்காட்டு மக்கள்’ என்பதில் சாரியை இல்லாமையால் மரபுவழி விளக்கம் வேறொரு விதியை நாட வேண்டியுள்ளது. இங்கு மொழியியல் விளக்கமே எளிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘சாய்வு வடிவம்’ என்று பெயரிட்டு நகர்வோர் இவ்விவாதம் இருப்பதையே அறியார்.

ஆகவே இலத்தீன் வழக்கிற்கு ‘எழுவாயல்லா வேற்றுமைகள்’ என்றும், தமிழ் வழக்கிற்கு ‘உருபேற்கும் வடிவம்’ என்றும் இருவேறு கலைச்சொற்களை ஆளலாம். பின்னதன்கீழ்ச் சாரியை, இரட்டல், திரிபு, இயல்பு என்னும் பகுப்புகள் பாடநூல்களில் இடம்பெற வேண்டும். கணினிவழிச் சொற்பகுப்பிலும் இவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இடுதல் நன்று.