ஒரு 'டே' படுத்திய பாடு

என் சிநேகிதியின் பெண் கல்யாணமாகி மெக்ஸிகோ நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். போன இடத்தில் சும்மா இராமல் ஸ்பானிஷ் பாஷையும் கற்றுக்கொண்டு வருகிறாள். வீட்டுக்கார அம்மாள் தங்கமான மனுஷி. பிரசவ சமயத்தில் பெற்ற தாயைப் போல் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாளாம். அந்த அம்மாளின் பிறந்த நாள் வந்தது. வாழ்த்து அட்டை ஒன்று வாங்கி, 'நீங்கள் மகத்தான பெண்மணி' என்று எழுத நினைத்தாள் நம் பெண். 'முஹேர்' என்றால் பெண். 'கிராண்டே' என்றால் பெரிய. இரண்டையும் சேர்த்து 'முஹேர் கிராண்டே' என்று எழுதி நீட்டிவிட்டாள்!

படித்ததும் அந்த அம்மாளின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எனக்கு அவ்வளவு வயதாகிவிட்டதா, மகளே?" என்று கேட்டாளாம்.

மெக்ஸிகோவில் 'முஹேர் கிராண்டே' என்றால் வயதான ஸ்திரீ என்று அர்த்தமாகிவிடும். இல்லாவிட்டால் ஆகிருதி பெரியவள். பிறந்த நாளும் அதுவுமாக இதைக் கேட்க எந்தப் பெண்தான் சகிப்பாள், சொல்லுங்கள்!

அவள் எழுதியிருக்க வேண்டியது 'கிரான் முஹேர்'. 'கிராண்டே'யை முன்னால் கொண்டுவந்து, வாலில் இருக்கும் 'டே'யை நறுக்கிவிட வேண்டும். நறுக்குவது நமக்குப் புதிதல்ல. 'பெரிய' என்பதைக் குறுக்கிப் பெருமழை, பேரன்பு என்று நாமும்தானே சொல்கிறோம்? ஆனால் நம் பாஷையில் அடைமொழி எப்போதும் முன்னால்தான் நிற்கும். ஸ்பானிஷில் இரண்டு பக்கமும் நிற்கும். நிற்கிற இடத்தைப் பொறுத்து அர்த்தமும் மாறும். மனிதர்களைச் சொல்லும்போது முன்னால் 'கிரான்' நின்றால் மேன்மை. பின்னால் 'கிராண்டே' நின்றால் உருவமோ வயதோ. வீடு வாசல் விஷயத்தில் இவ்வளவு கறார் இல்லை. 'கிரான் காஸா' பெரிய வீடாகவும் இருக்கலாம், சிறப்பான வீடாகவும் இருக்கலாம்.

இடப் பெயர்களிலும் இதைப் பார்க்கலாம். மாட்ரிட் நகரத்தில் 1910-ல் வேலை தொடங்கிய ராஜபாட்டைக்கு 'கிரான் வீயா' என்று பெயர். அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் எல்லையாக ஓடும் நதி 'ரீயோ கிராண்டே', அதாவது பெரிய ஆறு. (மெக்ஸிகோக்காரர்கள் அதை 'ரீயோ பிராவோ' என்றுதான் சொல்வார்கள், அது வேறு கதை.) கனாரித் தீவுகளில் ஒன்றுக்குப் பெயர் 'கிரான் கனாரியா'. பரப்பில் அதற்கு மூன்றாவது இடம்தான்!

உங்கள் பிள்ளையோ பெண்ணோ அந்தப் பக்கம் போவதாக இருந்தால் இதையும் சொல்லி அனுப்புங்கள். 'கிரான்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 'நல்ல' என்ற சொல்லுக்கு அந்தத் தாராளம் கிடையாது. நல்ல சிநேகிதன் 'பூவென் அமீகோ'; சிநேகிதியானால் குறுக்காமல் முழுசாக 'பூவெனா அமீகா'. இதைப் பார்த்துவிட்டு அங்கேயும் 'கிராண்டே அமீகா' என்று நீட்டிவிடக் கூடாது, 'கிரான் அமீகா'தான். பலரைச் சொன்னால் நறுக்கல் இல்லை. 'கிராண்டெஸ் அமீகாஸ்' என்று முழுசாகவே வரும். 'அதிக' என்று பொருள்படும் 'மாஸ்' முன்னால் வந்துவிட்டாலும் அப்படியே, 'மாஸ் கிராண்டே'.

சிநேகிதியின் பெண் மறுநாளே இன்னோர் அட்டை வாங்கி, 'கிரான் முஹேர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கார அம்மாள் இரண்டையும் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாளாம். வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் காட்டுவது பழைய அட்டையைத்தானாம்!