வாடிய ஓர்க்கிட்டும் தண்ணீர்க் குவளையும்

வீட்டில் வளர்க்கும் ஓர்க்கிட் செடியின் இலைகள் தளர்ந்து சுருங்கத் தொடங்கினால், நம்மவர் முதலிற் செய்வது தண்ணீர் ஊற்றுதல். மறுநாளும் இலை நிமிராவிடின் இன்னும் ஊற்றுவர். கண்டியிலும் அதன் அயலூர்களிலும், சிறப்பாக ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில், இவ்வாறு அன்பின் மிகுதியால் மடியும் செடிகள் பல.

வேர் உலர்ந்தாலும் இலை வாடும். வேர் அழுகினாலும் இலை வாடும். அழுகிய வேர் நீரை உறிஞ்சமாட்டாது. ஆதலால் ஈரத்தின் நடுவே இருந்துகொண்டே செடி தாகத்தால் வருந்துகிறது. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டுமென வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த முறை செடிக்கும் பொருந்தும்.

1821 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பேராதனைத் தாவரவியற் பூங்காவிற்குச் செல்லும் மாணவர்கள், அங்குள்ள ஓர்க்கிட் இல்லத்தில் பூவை மட்டுமன்றி வேரையும் நோக்குவாராக. நாம் வீட்டில் வளர்க்கும் வகைகளுட் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வாழ்வன. அவை ஒட்டுண்ணிகள் அல்ல. மரத்தின் சாற்றை உண்பதில்லை. வேரைச் சூழ்ந்துள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரை விரைந்து ஏற்கும். பின்னர் காற்றில் உலரும். அத்தகைய வேரைத் தோட்டமண்ணிற் புதைத்து, சாடியின் அடித்துளையும் அடைபட்டுவிட்டால் அது மூச்சுமுட்டி அழுகாமல் என் செய்யும்?

ஆகவே, செடியைச் சாடியினின்றும் மெல்ல வெளியே எடுத்துப் பாருங்கள். நலமான வேர் விரலுக்கு உறுதியாயிருக்கும். உலர்ந்தபோது வெள்ளி போல் வெளுத்தும், நனைந்தபோது பசுமையாகவும் தோன்றும். அழுகிய வேரோ பழுப்பு நிறமாய்க் குழைந்திருக்கும். மெல்ல இழுத்தால் உறை கழன்று நூல் போன்ற நடுநரம்பே கையில் மிஞ்சும். வேர்கள் யாவும் வெளுத்து உலர்ந்து, அழுகலின்றி இருப்பின் தண்ணீரே மருந்து.

அழுகியவற்றைத் தீயிற் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் வெட்டி நீக்குக. அடுத்த செடியைத் தொடுமுன் மீண்டும் தீயிற் காட்டல் வேண்டும். வைரஸ் நோய்கள் வெட்டுக்கருவி வழியே பரவுவன, அவற்றிற்கு மருந்தும் இல்லை. வெட்டுவாயிற் கறுவாத்தூள் தடவுவோர் உளர். நல்ல வேரிற் பட்டால் அதனையும் உலர்த்திவிடுமாதலின் நாம் அதனை வற்புறுத்தோம். பின்னர் கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, தேங்காய்மட்டைத் துண்டு ஆகியவற்றில் நடுக. மட்டையை முன்னரே சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை அகற்றிக்கொள்ளவேண்டும். சில நாள் நீரின்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்திருங்கள். குருத்தில் நீர் தேங்கலாகாது. புதுவேர் தோன்றும்வரை பசளை வேண்டா.

செடி பிழைக்கவில்லையெனினும் காட்டிலிருந்து வேறொன்றைப் பறித்து வருதல் தகாது. இலங்கைக்கே உரிய வெசாக் ஓர்க்கிட், காடழிவாலும் இத்தகைய பறிப்பாலுமே அருகி வருகின்றது.

பிழைக்கும் செடியில் புதுவேரின் பச்சை நுனி எட்டிப்பார்க்கச் சில வாரங்கள் செல்லும். பூக்க ஓராண்டும் ஆகலாம். பழைய இலையின் சுருக்கம் முற்றாக மறைவதில்லை. அதனைக் கண்டு மீண்டும் குவளையைக் கையிலெடுக்க வேண்டா.