திறந்த வரைபடம் மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கையடக்க விளையாட்டுக் கருவிகளைச் சிறு நிறுவனங்கள் தாமே வடிவமைத்து விற்பது உலகெங்கும் பெருகி வருகிறது. நிண்டெண்டோ, சோனி போன்ற பெருநிறுவனங்களின் கருவி பூட்டிய பெட்டி. இச்சிறு நிறுவனங்களோ, "மின்சுற்று வரைபடத்தையும் நிரலையும் திறந்து வைக்கிறோம், யாரும் படிக்கலாம், திருத்தலாம்" என்கின்றன. இதனைத் 'திறந்த மூலம்' என்பர். அறிவியல் மாணவனுக்கு இதைவிட இனிய செய்தி வேறுண்டோ? எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆயினும் மிக்சி முதல் மிதிவண்டி வரை எதை வாங்கப் போனாலும் என் தாயார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ரிப்பேரானா எங்க கொண்டு போறது?" அதை இக்கருவிகளிடமும் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

2005இல் கொரியாவின் கேம்பார்க் ஹோல்டிங்ஸ் நிறுவனம் லினக்ஸில் இயங்கும் ஜிபி2எக்ஸ் கருவியை வெளியிட்டது. அதன் ஆர்வலர் சிலர், இதைவிட நல்லதை நாமே செய்வோம் என்று 'பண்டோரா'வைத் தொடங்கினர். 2008 செப்டம்பரில் முன்பணம் வாங்கினர். முதற்கருவிகள் வெளிவந்தது 2010 மே மாதத்தில்! அமெரிக்காவின் 'ஊயா' 2012இல் பொதுமக்களிடம் 85 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2013இல் கடைக்கு வந்தது. 2015இல் ரேசர் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2019 ஜூனில் அதன் இணையக் கடை மூடப்பட்டது. கடையிடம் அனுமதி கேட்டே திறக்கும்படி அமைந்த விளையாட்டுகள் அன்றோடு நின்றன. பெட்டியில் பழுதில்லை, பெட்டிக்குப் பின்னால் ஆளில்லை.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை விதிகளை (கி.பி. 919, 921) நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர் என்கிறது கல்வெட்டு. முன்பணம் வாங்கும் நிறுவனத்தார்க்கு இப்படியொரு விதியை இன்று எந்தச் சுவரில் பொறிப்பது?

இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. விளையாட்டுக் கருவியில்லை என்றாலும் இதே படகில் பயணம் செய்தது பெங்களூரின் 'சிம்ப்யூட்டர்'. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் நால்வரும் என்கோர் நிறுவனத்தாரும் 1999இல் அறக்கட்டளை அமைத்து வடிவமைத்த கையடக்கக் கணிப்பொறி அது. மாதிரி 2001இல் வெளிவந்தது. ஒரே கருவியை ஊரார் பலரும் பகிர்ந்துகொள்ளலாம்; அவரவர்க்கு ஓர் அட்டை; எழுத்தறியாதவருக்கு அவர் மொழியிலேயே படித்துக் காட்டும். எவ்வளவு உயர்ந்த எண்ணம்! 2004இல் பிகோபெட்டா நிறுவனம், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உற்பத்தி செய்ய, 'அமிடா' என்ற பெயரில் ஏறத்தாழ 10,000 ரூபாய் தொடக்க விலையில் விற்றது. 50,000 விற்கும் என எதிர்பார்த்தார்கள். விற்றவை சுமார் 4,000. அதற்குள் செல்போன் மலிந்துவிட்டது. உரிமம் பெற்று யாரும் செய்யலாம் என்று கதவு திறந்தே இருந்தது. ஆனால் செய்து விற்க முன்னின்றவை, அதைப் பெற்ற வீட்டுக்காரர்களேயான என்கோரும் பிகோபெட்டாவும்தான்.

காரணம் விளங்காததன்று. வரைபடத்தைப் படிக்கக் காசு வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்கு அச்சு வார்க்கப் பணம் வேண்டும். சில்லுகளை ஆயிரக்கணக்கில் வாங்கப் பணம் வேண்டும். சிம்ப்யூட்டரின் இதயம் இன்டெல்லின் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு. அதை இன்டெல் பின்னர் கைவிட்டது. வரைபடம் திறந்தது, சில்லு மூடியது. சில்லின் வடிவமைப்பையே திறந்து வைக்கும் 'சக்தி' என்ற முயற்சி சென்னை ஐ.ஐ.டி.யில் நடக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சில்லு செய்யும் ஆலையை யார் திறந்து வைப்பார்?

இங்கு ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். 1990களில் நம் நாட்டு வீடுகளில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய மலிவு 'வீடியோ கேம்' பெட்டிகள் பலவும் நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமின் நகல்களே. திருட்டு நகல்தான், நான் அதற்குப் பரிந்து பேசவில்லை. ஆனால் ஒருவர் செய்த பெட்டியில் மற்றவர் செய்த கேட்ரிட்ஜ் பொருந்தியது. ஒரு வியாபாரி கடையை மூடினால் இன்னொருவரிடம் வாங்கலாம். உரிமத்தால் மூடிய பொருள் புழக்கத்தில் திறந்திருந்தது. உரிமத்தால் திறந்த சிம்ப்யூட்டர் புழக்கத்தில் மூடிக்கொண்டது.

ஆகவே என் ஐயம் திறந்த மூலத்தின்மேல் அன்று. அதை விளம்பரச் சொல்லாக்கி முன்பணம் கேட்பதன்மேல். ஐயமின்றி ஏற்கத்தக்கவையும் உள. 2015இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி வந்த 'ஆர்டுபாய்' சின்னஞ்சிறு கருவி. 32 கிலோபைட் நினைவகம், 128க்கு 64 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, ஆறு பொத்தான்கள், அவ்வளவே. பெரிய விளையாட்டுகளை ஆடியவர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் அதன் சில்லு, எத்தனையோ பேர் வேறு வேலைகளுக்கும் வாங்கும் சாதாரணச் சில்லு. அந்நிறுவனம் நாளையே மறைந்தாலும், ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கி நாமே இணைத்துக்கொள்ளலாம். என் தாயாரின் கேள்விக்கு விடை சொல்லும் கருவி இதுதான்.

சென்னைக்குப் போய்வர ஒரு நாள் ஆகும். நம் ஆய்வகத்தில் பிரெட்போர்டும் சாலிடரிங் அயனும் இருக்கின்றன. திரையும் சில்லும்தான் வாங்க வேண்டும். துறைப் பேராசிரியர்கள் இசைந்தால், அடுத்த பருவத்தில் ஒன்றைச் செய்து பார்க்க நாங்கள் நால்வர் ஆயத்தமாக இருக்கிறோம்.