அந்தப் பஞ்சைக் கழுவாதீர்கள்!

மாணவ நண்பர்களே, வீட்டிலோ பள்ளியிலோ புதிதாக மீன் தொட்டி வைக்கப் போகிறீர்களா? மீன்களை வாங்குமுன் ஒரு பொருளைத் தேடிக்கொள்ளுங்கள். அது, நன்றாக நடந்துவரும் பழைய தொட்டி ஒன்றின் வடிகட்டியில் இருக்கும் அழுக்குப் பஞ்சு!

சிரிக்காதீர்கள். இதை நான் நட்டப்பட்டே கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொட்டியை வாங்கி, நீர் நிரப்பி, அன்று மாலையே ஆறு தங்க மீன்களை விட்டேன். பத்து நாட்களுக்குள் ஆறும் இறந்தன. "தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது அப்பா?" என்று என் மகள் கேட்டாள். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அப்போது விடை தெரியவில்லை.

விடை உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. மீன்கள் பெரும்பாலும் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது நிறமற்ற நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான்; இரத்தம் ஆக்சிஜனை ஏந்திச் செல்வதை அது தடுக்கிறது. வேறு நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த உழைப்பாளிகள் மிகமிகக் குறைவு. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இங்கே சிறிது கணக்குப் போடுவோம். இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகும். ஒரு நாளில் இரு மடங்காகின்றன என்று கொள்வோம். தேவையானதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குடன் தொடங்கினால், ஏறத்தாழ 20 முறை இரட்டிக்க வேண்டும். அதாவது 20 நாட்கள். கால் பங்குடன் தொடங்கினால் இரண்டே நாட்கள்! நைட்ரைட்டை உண்பவை அதன் பின்னரே பெருகுவதால், புதிய தொட்டி தானாகப் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆவதுண்டு. பழைய பஞ்சு மிச்சப்படுத்துவது இந்த நாட்களைத்தான்.

இது புதிய உண்மையன்று. 1877ஆம் ஆண்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் கழிவுநீரை மணல் நிரப்பிய குழாயில் மெல்லச் செலுத்தினர். முதல் இருபது நாட்கள் மாற்றமில்லை. பின்னர் நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபாம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றது. ஆவியை நீக்கி, சிறிது தோட்ட மண் கரைத்த நீரை விட்டதும் மீண்டும் தொடங்கியது! அந்த மண் செய்ததையே நம் பஞ்சும் செய்கிறது.

பழைய தொட்டியின் நீரை மட்டும் ஊற்றினால் போதாதா? போதாது. இவற்றில் பெரும்பாலானவை நீரில் மிதப்பதில்லை. பரப்புகளில் ஒட்டி வாழ்கின்றன. நுண்துளைகள் நிறைந்த பஞ்சில் பரப்பு மிக அதிகம் அல்லவா?

சில எச்சரிக்கைகள். நோயுள்ள தொட்டியிலிருந்து பஞ்சை எடுக்காதீர்கள். நோயும் கூடவே வரும். முழுவதையும் எடுத்தால் பழைய தொட்டியின் மீன்கள் துன்புறும். எடுத்த பஞ்சை அதே தொட்டி நீரில் நனைத்தபடி கொண்டு வந்து, அன்றே புதிய வடிகட்டியில் வையுங்கள். குழாய் நீரில் பிழியாதீர்கள். அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்ல அலசினால் போதும். முதலில் ஓரிரு மீன்களை மட்டும் விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனைச் சொட்டு மருந்தால் உறுதி செய்த பிறகே எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

நைட்ரஜன் சுழற்சியைத் தேர்வுக்காக அம்புக்குறிகளுடன் அழகாக வரைகிறோம். ஆனால் வாரந்தோறும் தொட்டி நீர் முழுவதையும் கொட்டி, பஞ்சை வெள்ளை வெளேரென்று தேய்த்துக் கழுவி, மீன் இறந்தால் விதியை நொந்துகொள்கிறோம். படித்தது கைக்கு வராவிட்டால் அந்தப் படிப்பால் பயன் என்ன?

ஆகவே உங்கள் அறிவியல் மன்றத்தில் இதைச் செய்து பாருங்கள். குளோரின் நீங்கிய நீருள்ள இரு வாளிகளில், மீன் இல்லாமல், ஒரே அளவு மீன் உணவு இடுங்கள். ஒன்றில் புதிய பஞ்சு, மற்றதில் பழைய பஞ்சு. இரண்டிலும் காற்றுக் குமிழ்கள் வரட்டும். நாள்தோறும் அம்மோனியாவை அளந்து வரைபடம் வரையுங்கள். எந்த மீனும் சாகாமல், இரு கோடுகளும் உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடும்.