கட்டுத்தறிக்குக் கேமரா: யார் பார்ப்பதற்கு?

 

இந்த மாதம் மட்டும் நாலு பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள். "சார், தோட்டத்துக் கட்டுத்தறிக்குக் கேமரா போடலாம்னு இருக்கோம், எது நல்லது?" மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள், ஒருத்தர் மாமா என்று கூப்பிடும் உறவு. இருப்பது சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும். மாடு இருப்பது ஊரில். மாட்டோடு இருப்பது உங்கள் அப்பாவும் அம்மாவும். தனித்தனியாகப் பதில் எழுத விரலுக்குத் தெம்பில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதில்லை.

எந்தக் கேமரா என்பது இரண்டாவது கேள்வி. அது யார் பார்ப்பதற்கு என்பதுதான் முதல் கேள்வி. அதை நாலு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. "போன்லயே பார்த்துக்கலாம் சார்" என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். யார் போனில்? உங்கள் போனில். கட்டுத்தறியிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு மாடு தெரியும், நாற்பது அடியில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. இதற்குப் பெயர் கண்காணிப்பா?

நம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நாலு கேமரா, நல்ல விலை. பார்ப்பதற்கான ஆப் மகன் போனில் மட்டும். சினைமாடு இரவு ஒன்றரை மணிக்குத் தண்ணீர்க்குடம் உடைத்திருக்கிறது. மகன் வெளியூரில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா சாளைக்குள் இருந்தார், வெளியே நடப்பதைப் பார்க்க அவருக்கு வழியில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் கன்று பாதி வந்து செத்துக் கிடந்தது. மகன் போனில் எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. பதிவு மிஞ்சியது, கன்று மிஞ்சவில்லை.

ஈற்றுக்குக் கேமரா உதவும், மறுக்கவில்லை. ஆனால் எப்படி உதவும் என்று பாருங்கள். பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், எருமைக்கு 310 நாள். சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால், இரவுக் கவனம் தேவைப்படுவது கடைசி இரண்டு வாரம்தான். மடி இறுகும், வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழும். தண்ணீர்க்குடம் உடைந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், 1962க்கும் அடித்துப் பார்க்கலாம். பிறந்த கன்றுக்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். அரை நாளாகியும் நஞ்சுக்கொடி விழவில்லையென்றால் அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். இதில் ஒரு வேலையையாவது துபாயிலிருந்து செய்ய முடியுமா? எல்லாமே பக்கத்தில் இருக்கும் கை செய்யும் வேலை. அப்படியானால் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் கண்ணுக்குத்தானே படம் தெரிய வேண்டும்?

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கடைக்காரர்கள் டிவிஆர், என்விஆர் என்று சொல்லும் பதிவுப் பெட்டியைச் சாளைக்குள் வைத்து, எச்டிஎம்ஐ வயரில் ஒரு பழைய டிவியை இணைத்து, அம்மா கட்டில் பக்கம் வைத்துவிடுங்கள். அதற்கு இணையமே வேண்டாம். வயதானவர்கள் இரவில் இரண்டு மூன்று முறை எப்படியும் எழுவார்கள். எழும்போது திரையைப் பார்த்தால் போதும், இருட்டில் செருப்பைத் தேடி வெளியே நடக்க வேண்டாம்.

இனி திருட்டுக்கும் பயத்துக்கும் வருகிறேன். உங்களில் பாதிப் பேர் கேமரா கேட்பது மாட்டுக்காக இல்லை, பெற்றவர்களுக்காக என்று எனக்குத் தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025இல் சிவகிரி அருகே தனியாக இருந்த வயதான தம்பதி. அதற்கும் முன்னால், 2021 நவம்பரில், நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் ஆடு திருடர்களை விரட்டிப் போய்க் கீரனூர் அருகே கொல்லப்பட்டார். இதையெல்லாம் படித்த பிறகு தூக்கம் வராதது நியாயம்தான்.

அதனால்தான் கேட்கிறேன். இரவு இரண்டு மணிக்கு உங்கள் போன் கத்துகிறது. பட்டி வாசலில் யாரோ நிற்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? "அம்மா, யாரோ வந்திருக்காங்க, என்னன்னு பாருங்க" என்று போன் போடுவீர்கள். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறப்பார். சீருடை போட்ட காவலரே உயிரை விட்ட இடத்துக்கு எழுபது வயது அம்மாவை அனுப்புவது உங்கள் கேமராதான். காப்பாற்ற வாங்கிய பொருளே அவரை வாசலுக்கு இழுத்து வருகிறது.

கேமரா வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடிக்க வேண்டியது இது: சத்தம் கேட்டால் கதவைத் திறக்கக் கூடாது. கட்டுத்தறியையும் வாசலையும் வெளிச்சமாக்கும் பெரிய விளக்கின் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்க வேண்டும், சைரன் சுவிட்சும் அப்படியே. பக்கத்துத் தோட்டத்தார் இரண்டு பேர் எண், பெரிய எழுத்தில் சுவரில். அப்புறம் 100 அல்லது 112. ஆடு போனால் வாங்கிக்கொள்ளலாம் என்பதை உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

எச்சரிக்கை என்றதும் இன்னொன்று. அசைவு தெரிந்தால் போன் கத்தும் என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். கட்டுத்தறியில் அசையாதது எது? மாடு வாலை ஆட்டும், விட்டில்பூச்சி பறக்கும், சிலந்தி கேமரா முன்னால் கூடு கட்டும். முதல் நாள் இருநூறு எச்சரிக்கை, நாலாவது நாள் ஊமையாக்கிவிடுவீர்கள், ஐந்தாவது நாள் திருடன் வருவான். ஆளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருப்பதை வாங்கி, வாசல் பகுதிக்கு மட்டும், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை மட்டும் வையுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவனை விட்டுவிட மாட்டீர்கள் என்று தெரியும்.

முதல் கணக்கு, முகம். முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளியாவது வேண்டும் என்பது இந்தத் துறையின் அளவுகோல். சாதாரண 1080பி படத்தின் அகலம் 1,920 புள்ளி. 250ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். அதாவது அந்தக் கேமரா ஏழரை மீட்டர் அகலத்தைப் பார்த்தால்தான் முகம் நிற்கும். நீங்கள் அதை முப்பது மீட்டர் பட்டி முழுவதையும் பார்க்கும்படி உயரத்தில் மாட்டினால் மீட்டருக்கு 64 புள்ளிதான். ஆள் வந்தான் என்று தெரியும், யார் என்று தெரியாது. 4கே வாங்கினால் 15 மீட்டர் வரை கணக்கு வரும், ஆனால் அது பகல் வெளிச்சக் கணக்கு, இரவில் அவ்வளவு நிற்காது. வாசலைக் குறுக்கலாகப் பார்க்கும் ஒரு சாதாரணக் கேமரா, தோட்டம் முழுக்கப் பார்க்கும் விலையுயர்ந்த கேமராவைவிட மேல்.

இரண்டாவது கணக்கு, டேட்டா. நடுத்தரமான படம் விநாடிக்கு 2 மெகாபிட் எடுக்கிறது என்று வையுங்கள். எட்டால் வகுத்தால் கால் மெகாபைட். மணிக்கு 900 மெகாபைட். ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86.4 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் சிம் கார்டில் ஒரே கேமராவை இரண்டே கால் மணி நேரம் நேரலையில் பார்த்தால் அன்றைய டேட்டா காலி. இதில் நாள் முழுக்கப் பதிவை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பப் போகிறீர்களா? அதே நாலு கேமராவின் பதிவு, பெட்டிக்குள் ஒரு 1 டிபி வட்டு இருந்தால் பதினோரு நாளைக்கு மேல் நிற்கும். மாதச் சந்தா இல்லை, யார் தயவும் இல்லை. பெட்டியை மட்டும் திருடன் கண்ணுக்குப் படாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

சந்தாவை நம்பி வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. வீட்டுச் சாதனங்களை இணையம் வழி இயக்கும் அமெரிக்க நிறுவனம் இன்ஸ்டியான், 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பு இல்லாமல் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் போனும் பெட்டியும் ஒன்றையொன்று தெரியாமல் நின்றன. அதனால் கடையில் "ஆன்விஃப் உண்டா?" என்று கேளுங்கள். ஒரு கம்பெனிக் கேமரா வேறு கம்பெனிப் பெட்டியோடு பேச அது பொது மொழி. இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள். வாங்கியதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது, கம்பெனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்தான்.

மூன்றாவது, கட்டுத்தறி என்பது ஆபீஸ் வராந்தா இல்லை. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வயர் முனைகளை அரிக்கும். தவிட்டுத் தூசி கண்ணாடியில் படியும். குடை போன்ற வட்டக் கண்ணாடி மாடலில் தூசி படிந்தால் இரவு வெளிச்சம் திரும்பி அடித்துப் படம் வெள்ளையாகிவிடும், அதை வாங்காதீர்கள். ஐபி66 அல்லது ஐபி67 என்று எழுதியிருக்க வேண்டும். தகரக் கூரை வைஃபையை மறைக்கும். நெட்வொர்க் வயர் இழுத்தால் 100 மீட்டருக்குள் இருக்கட்டும், எலி கடிக்காமல் குழாய்க்குள் விடுங்கள். மாடு உரசாத உயரத்தில், ஆனால் அப்பா ஏணி இல்லாமல் ஒரு குச்சித் துணியால் துடைக்கிற உயரத்தில் மாட்டுங்கள். கரண்ட் போனால் கேமரா, பெட்டி, ரவுட்டர் மூன்றுக்கும் இன்வெர்ட்டர் வேண்டும். கரண்ட் இல்லாத இரவைத்தான் திருடன் தேர்ந்தெடுப்பான்.

கடைசியாக, நீங்கள் யாரும் எழுதாத ஒரு விஷயம். பண்ணையத்தில் வேலை செய்கிற ஆள். பல வீட்டில் கேமரா மாடு பக்கம் பாதி, ஆள் பக்கம் பாதி திரும்பியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து போன் போட்டு "ஏன் பத்து நிமிஷமா உட்கார்ந்திருக்கே?" என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்த ஆள் அடுத்த மாதம் நின்றுவிடுவார். அதற்கடுத்த மாதம் மாட்டை விற்பீர்கள். மடிநோயை முதலில் கண்டுபிடிப்பது கேமரா இல்லை, பால் கறக்கும் விரல். மடியின் சூடும் பாலில் வரும் திரியும் அதற்குத்தான் தெரியும். அசைபோடுவது குறைந்ததைக் கவனிப்பதும் அந்த ஆள்தான். அவர் குடும்பம் தங்கும் அறை, குளிக்கும் இடம் பக்கம் ஒரு கேமராவும் திரும்பக் கூடாது. பெண்களின் அந்தரங்கத்தைப் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கம். கேமரா எங்கே இருக்கிறது, என்ன தெரிகிறது என்று அவரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டுங்கள். திருடன் வந்தால் அவரும் நம் பக்கம் நிற்பார்.

"வேற வழி என்ன சார், ஆள் கிடைக்கல, நாங்க வர முடியல" என்பீர்கள். புரிகிறது. கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செலவை வரிசைப்படுத்துங்கள் என்கிறேன். முதலில் விளக்கு, சைரன், நல்ல பூட்டு. அடுத்து இன்வெர்ட்டர். அடுத்து வீட்டுக்குள் திரையும் பெட்டியும். பிறகு இரண்டே கேமரா, வாசலுக்கு ஒன்று, ஈற்று மாடு கட்டும் இடத்துக்கு ஒன்று. இதெல்லாம் முடிந்து காசு மிஞ்சினால் உங்கள் போன்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு ஒரு பரீட்சை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது உங்கள் போனை அணைத்துவிட்டு, "அம்மா, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டுத்தறியில என்ன நடந்துச்சுன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் காட்டிவிட்டால் நீங்கள் தேர்ச்சி. காட்ட முடியவில்லையென்றால் அன்று மத்தியானமே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். உங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபோது நான் அவசரப்படவில்லை, நீங்களும் அவசரப்படாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். கேமரா விற்கும் மாணவர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும், அவர்கள் கோபத்தோடும் எழுதலாம். கணக்கில் தப்பிருந்தால் மட்டும் மதிப்பெண் கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்