இனிஷியல் இல்லாத முருகேசன்

நம்ம ஊர்க்காரங்களுக்கு பெங்களூரில் முதல் தலைவலி இனிஷியல்தான். எந்த ஃபார்மைக் கொடுத்தாலும் "சர்நேம் என்ன சார்?" என்பார்கள். கடுப்பில் வெறும் முருகேசன் என்று எழுதிவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று பேங்க்காரனைக் கேளுங்கள்.

போன ஞாயிறு இதே கதை எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் பைத்தான் வடிவில் வந்தது. பதினொன்றாவது படிக்கும் மகள் விஎஸ் கோடில் ப்ராஜெக்ட் அடித்துக்கொண்டிருந்தாள். முதல் வரியிலேயே, நம்பை லைப்ரரியில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வா என்று ஒரு நட்சத்திரக்குறி. அதன் கீழே மஞ்சள் நெளிகோடு.

"ஓடுதேப்பா, இந்தக் கோட்டை ஆஃப் பண்ணிடவா?"

நான் வெறும் பி.காம். ஆனாலும் எக்ஸப்ஷன் ரிப்போர்ட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை. உட்கார்ந்து பார்த்தோம்.

கோடு போடுவது பைலான்ஸ். அதற்குள் இருப்பது மைக்ரோசாஃப்டின் பைரைட் டைப் செக்கர். நாமே எழுதிய ஃபைலிலிருந்து நட்சத்திரம் போட்டால் அது கண்டுகொள்ளாது. லைப்ரரி என்றால்தான் மஞ்சள். நியாயம்தானே? அடுத்த வெர்ஷனில் அவர்கள் என்ன பெயரைச் சேர்ப்பார்கள் என்று யார் கண்டது!

பைத்தானுக்கே சொந்தமாக ஒரு 'சம்' உண்டு. 100, 200, 300 என்று லிஸ்ட் கொடுத்து, இரண்டாவதாக -1 கொடுத்தால் அதை ஓப்பனிங் பேலன்ஸாக எடுத்துக்கொண்டு 599 என்று சொல்லும். ஒரு ரூபாய் ஓவர்டிராஃப்ட், சரிதான். நட்சத்திரம் போட்டதும் நம்பையின் 'சம்' வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு இரண்டாவது எண், எந்த அச்சில் கூட்டுவது என்கிற குறிப்பு. விடை 600! ஓப்பனிங் பேலன்ஸ் 1000 என்றிருந்தால் ப்ரோக்ராம் அலறி நின்றிருக்கும், பிழைத்தோம். -1 என்பதால் சத்தமே இல்லை.

சிவப்புக் கோடும் வராது. இரண்டு 'சம்'மும் லிஸ்ட்டையும் முழு எண்ணையும் வாங்கிக்கொள்வதால் டைப் பொருந்திவிடுகிறது. ஆக நமக்குக் கிடைப்பது அந்த முதல் வரி மஞ்சள் ஒன்றுதான். அதையும் அணைப்பதா?

என் குறை வேறு. 'லைப்ரரியிலிருந்து வைல்ட்கார்ட் இம்போர்ட் கூடாது' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். மவுஸை 'சம்' மேல் வைத்தால் அது நம்பையுடையது என்று காட்டத் தெரிகிறதே, "உன் பழைய சம் போச்சு" என்று முதல் வரியிலேயே சொன்னால் என்னவாம்? பிள்ளைகள் கோட்டை அணைக்க மாட்டார்கள்.

இப்போது மகள் 'என்பி' புள்ளி 'சம்' என்று எழுதுகிறாள். "இனிஷியலாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் பெயருக்கு முன்னால் என் இனிஷியல் இருப்பதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை :)